மெக்ஸிகோ முறைப்படி ஒரு ஐரிஷ் பண்டிகை

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்கள் ஏராளம். பெரும்பாலானவற்றுக்கு எந்தத் தண்டனையும் கிடைத்ததில்லை. உடம்பு சரியில்லை என்று லீவு போட்டிருக்கிறேன். பிறர் வீட்டு ரவாதோசையை வாய் கூசாமல் புகழ்ந்திருக்கிறேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் ஒரே ஒரு பொய், அதுவும் கடைசியில் முக்கால்வாசி உண்மையாகிப்போன பொய், அதற்காக என் முதல் வேலை போயிற்று. இந்த அநியாயத்தை வீட்டில் இத்தனை வருஷமாகச் சொல்லிப் பார்த்தும் எல்லோரும் சிரிக்கிறார்களே தவிர நியாயம் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தோரு வயது. பி.ஏ., சரித்திரம். பம்பாயில், மாதுங்காவில் நாங்கள் இருந்த கட்டடத்தின் மூன்று மாடிக்கும் சேர்த்து பி.ஏ. படித்த பெண் நான் ஒருத்திதான். (இதை யாருக்கும் ஞாபகப்படுத்த நான் தவறியதில்லை. மாடிப்படியில் எதிர்ப்படும் பால்காரருக்குக்கூட.) அந்தப் பட்டத்தோடு ஒரு வியாதியும் வந்து ஒட்டிக்கொண்டது. யார் எதைக் கேட்டாலும் 'தெரியாது' என்று சொல்ல வாய் வராது. வழி கேட்டவர்களை எந்தெந்தத் திசைக்கெல்லாம் அனுப்பியிருப்பேனோ, அவர்கள் என்னை மன்னிக்கட்டும்.

கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் ஏஜென்ஸியில் எனக்கு ஸ்டெனோ வேலை. அங்கே ஹெட் கிளார்க்காக இருந்த ராமசேஷய்யர் எங்கள் கட்டடத்திலேயே கீழ் வீட்டுக்காரர், அப்பாவின் சிநேகிதர். அவர் தயவில் கிடைத்த வேலை. பெண் ஆபீஸுக்குப் போவதா என்று ஒரு மாதம் யோசித்துவிட்டு அப்பா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"ஒரே ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்துதுன்னாலும் போறும், அன்னியோட ஆபீஸ் சரி. புரிஞ்சுதோ? துரைகள் முன்னாடி வாயைத் திறக்கப்படாது. கேட்டதுக்கு மட்டும் பதில்."

நானும் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னேன். அதில்தான் வந்தது வினை.

எங்கள் மானேஜர் பெயர் டூலி. ஐரிஷ்காரர். அவரை இங்கிலீஷ்காரர் என்று யாராவது சொல்லிவிட்டால் காது மடலிலிருந்து கழுத்து வரை சிவந்துவிடும். அவருக்கு நேர் எதிர், கணக்குப் பிரிவின் தலைவர் ஹாப்ஸ். அசல் இங்கிலீஷ்காரர். இருவரும் ஒரே அறையில் பத்து வருஷமாக ஒருவரையொருவர் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வருஷா வருஷம் மார்ச் பதினேழாம் தேதி டூலி தன் நாட்டுப் பண்டிகையைக் கொண்டாடுவார். பாட்ரிக் என்று ஒரு புனிதர், அயர்லாந்திலிருந்து பாம்புகளையெல்லாம் விரட்டியவராம். அன்றைக்கு டூலி பச்சை டை கட்டிக்கொண்டு எல்லோருக்கும் டீயும் கேக்கும் கொடுப்பார். ஹாப்ஸ் கேக்கை மட்டும் சாப்பிட்டுவிட்டு, பாம்பைப் பற்றி ஏதாவது குத்தலாகச் சொல்லிவிட்டுப் போவார்.

நான் சொல்வது நாற்பத்தாறாம் வருஷம். அந்த மார்ச்சில் மெக்ஸிகோவிலிருந்து ரமிரெஸ் என்றொருவர் வந்திருந்தார். கப்பல் கயிறு திரிக்கும் கற்றாழை நார் விற்பவர். அவருடைய சரக்கைக் கையாளும் ஏஜென்ஸி எங்களுக்குக் கிடைத்தால் வருஷக்கணக்கில் வேலை. அவரை எப்படிச் சந்தோஷப்படுத்துவது என்று டூலிக்கு ஒரே கவலை.

"பதினேழாம் தேதிக்கு அவரை அழைத்துவிடலாம்" என்றார். (எல்லாம் இங்கிலீஷில்தான். நான் தமிழில் தருகிறேன்.)

ஹாப்ஸ் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "மெக்ஸிகோக்காரனுக்கு உங்கள் பாம்புச் சாமியாரைப் பற்றி என்ன தெரியும்?"

"பாட்ரிக்கைக் கொண்டாடாத ஊர் உலகத்திலேயே கிடையாது!"

"மெக்ஸிகோவில் கொண்டாடுகிறார்கள் என்று நிரூபித்துவிட்டால், நான் ஒரு வாரம் பச்சை டை கட்டிக்கொண்டு வருகிறேன்."

"கட்டத்தான் போகிறாய்" என்று சொல்லிவிட்டு டூலி என் பக்கம் திரும்பினார். நான் பென்சிலும் நோட்டுமாக மூலையில் உட்கார்ந்திருந்தேன். "மிஸ் விசாலம், நீ சரித்திரம் படித்தவள் அல்லவா? மெக்ஸிகோவில் செயின்ட் பாட்ரிக் தினம் கொண்டாடுகிறார்களா?"

"ஆமாம், சார்."

சத்தியமாக நான் சொல்லவில்லை. என் பி.ஏ. சொல்லியது. நானே அந்தக் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டேன்.

"எப்படிக் கொண்டாடுகிறார்கள்?"

"மிக விமரிசையாக, சார்."

"பார்த்தாயா!" என்று டூலி மேஜையைத் தட்டினார். "நாளைக்குள் இரண்டு பக்கம் டைப் செய்து கொடு. எல்லா விவரமும் வேண்டும்."

மெக்ஸிகோ எங்கே இருக்கிறது என்று அந்த நிமிஷத்தில் யாராவது கேட்டிருந்தால், தென்னமெரிக்காவில் என்று திடமாகச் சொல்லியிருப்பேன். (வட அமெரிக்காவில் இருக்கிறது. பிறகு தெரிந்துகொண்டேன்.)

மத்தியான இடைவேளையில் சாப்பிடாமல் நூலகத்துக்கு ஓடினேன். கலைக்களஞ்சியத்தில் மெக்ஸிகோ இருக்கும் தொகுதி மட்டும் அலமாரியில் இல்லை. பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்றார் அங்கிருந்தவர். அயர்லாந்து இருந்தது. அதில் மெக்ஸிகோவைப் பற்றி ஒரு வரி இல்லை. எப்போது திரும்பி வரும் என்று கேட்டேன். "யுத்தத்துக்கு முன்னாடி போனது" என்றார்.

ஆக என்னைக் கைவிட்டது நூலகம். அதைச் சொல்லாமல் என்னை மட்டும் குற்றம் சொல்கிறார்கள்.

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வரும் வழியில் கோயிலில் ஏதோ உற்சவம். சுவாமி புறப்பாடு, பட்டு சாத்தி, மேளம் கொட்டி, பின்னால் நீர்மோரும் பானகமும் விநியோகம். நின்று பார்த்தேன். மனசு லேசாயிற்று. மனிதர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதானே? நாம் சாமிக்குச் செய்வதைத்தானே அவர்களும் செய்வார்கள்? வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதினேன்.

மெக்ஸிகோ மக்கள் புனித பாட்ரிக்கின் சிலைக்குப் பச்சைப் பட்டு உடுத்துகிறார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் அதைச் சுமந்துகொண்டு கட்டடத்தை இடமிருந்து வலமாக மூன்று முறை சுற்றி வருவார். வாத்தியம் முழங்கும். வெயிலுக்கு இதமாகப் பச்சை மிளகாயும் இஞ்சியும் தட்டிப் போட்ட மோர் எல்லோருக்கும் வழங்கப்படும். பச்சை நிறத்துக்கு மரியாதையாக முழுப் பச்சை மிளகாயை மாவில் தோய்த்துப் பொரித்து உண்பார்கள். இப்படி இரண்டு பக்கம். முதல் வாக்கியம் மட்டும் சின்னது: 'மெக்ஸிகோ மக்கள் புனித பாட்ரிக்கைப் போற்றுகிறார்கள்.' அந்த வாக்கியத்தைத் தயவுசெய்து கவனித்துக்கொள்ளுங்கள்.

டூலி படித்துவிட்டுக் கோப்பில் போட்டுவிடுவார், ஹாப்ஸ் டை கட்டுவார், விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் படித்ததும் கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவு அழகாகவா! எங்கள் ஊரில்கூட இவ்வளவு இல்லை. மிஸ் விசாலம், இந்த வருஷம் மெக்ஸிகோ முறைப்படியே செய்வோம். ரமிரெஸ் தன் ஊருக்கே போய்விட்டதாக நினைக்க வேண்டும்."

நான் அவசரமாகக் குறுக்கே புகுந்தேன். "சார், இங்கே அந்த மாதிரிப் பலகாரம் செய்ய ஆள்..."

அங்கே நின்றிருந்த ராமசேஷய்யர் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "கவலையே வேண்டாம், சார். இந்தப் பெண்ணின் தாயார் மோரும் மிளகாய் பஜ்ஜியும் செய்தால் இந்தப் பம்பாயில் அதற்கு ஈடு கிடையாது."

அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். (பாதியை.) அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"யாருக்குடி பண்டிகை?"

"பாட்ரிக்னு ஒரு மகான்மா."

"பட்டரா? நம்ம பட்டரா?" பாலக்காட்டுப் பக்கம் எங்களை மாதிரித் தமிழ் ஐயர்களைப் பட்டர் என்றுதான் சொல்வார்கள். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இல்லேம்மா. அயர்லாந்து சாமியார்."

"எந்த ஊரானா என்ன, சாமியார்னா வெங்காயம் போடப்படாது. பாம்பை விரட்டினவர்ங்கறே, சுத்தமாப் பண்ணணும். ரேஷன்ல எண்ணெய் போறுமோன்னுதான் தெரியலே." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பட்டுக்கு என்ன பண்ணப் போறா?" என்று கேட்டாள்.

அப்படித்தான் அம்மாவின் பச்சைப் பட்டுப் புடவை, ஒன்பது கஜம், அரக்கு பார்டர், சுமங்கலிப் பிரார்த்தனைக்கு மட்டும் வெளியே வரும் புடவை, டூலி குடியிருந்த கொலாபாவுக்குப் புறப்பட்டது.

அந்த வருஷம் பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் கிடையாது என்பதால் டூலியின் பங்களாவிலேயே மத்தியானம் ஆபீஸ் முழுவதற்கும் விருந்து. ஞாயிற்றுக்கிழமை பெண்ணைத் தனியாக அனுப்புவதில்லை என்று அப்பாவும் வந்தார். பாத்திரம் தூக்க என் அண்ணன் மணி வந்தான். என்னைவிட மூன்று வயது மூத்தவன். ரயிலில் ஒரு கையில் மோர்த் தூக்கு, மறு கையில் பஜ்ஜிக் கூடை. வி.டி. ஸ்டேஷன் வரும்வரை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான். அவனுக்கு மட்டும் முழு விஷயமும் தெரியும். நான்தான் மனசு தாங்காமல் சொல்லியிருந்தேன். இன்னொரு தப்பு.

அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு பேசாமல் வந்தார். ஒரு மாதமாகவே அவர் அப்படித்தான் இருந்தார். பிப்ரவரியில் கப்பற்படைச் சிப்பாய்கள் வெள்ளைக்கார அதிகாரிகளை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ய, ஊர் முழுக்கக் கலவரம், துப்பாக்கிச் சூடு. ரயில் நின்றுவிட்டது. அப்பா ஆபீஸிலிருந்து மாதுங்கா வரை நடந்தே வந்தார். பரேல் வழியாக வந்தேன் என்று மட்டும் சொன்னார். அங்கே என்ன பார்த்தார் என்று அம்மா எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. இரண்டு நாள் தட்டில் போட்ட சாதம் அப்படியே இருந்தது.

பங்களாவில் பாட்ரிக் சிலை ஒன்றரை அடி உயரம். ஒன்றரை அடிச் சாமியாருக்கு ஒன்பது கஜம் புடவை. நானும் டூலியின் சமையல்காரரும் சுற்றினோம், சுற்றினோம், சுற்றிக்கொண்டே இருந்தோம். கடைசியில் புனிதர் பரங்கிக்காய் மாதிரி ஆகிவிட்டார். மேலே தாடி மட்டும் தெரிந்தது. கோவாக்காரர் ஒருவர் வயலினும் இன்னொருவர் டிரம்பெட்டும் கொண்டு வந்திருந்தார்கள். டூலி பச்சை டை, பச்சைக் கைக்குட்டை. ஹாப்ஸ் ஒரு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, குற்றவாளியைப் பிடிக்க வந்த போலீஸ்காரர் மாதிரி காத்திருந்தார்.

ரமிரெஸ் வந்தார். குட்டையான மனிதர், கறுத்த மீசை, எங்கள் ராமசேஷய்யரைவிட ஒரு பிடி கறுப்பு. அவரைப் பார்த்ததும் அப்பா, "நம்மூர்க்காரர் மாதிரின்னா இருக்கார்!" என்றார்.

புறப்பாடு தொடங்கியது. முன்னால் வாத்தியம். அதன் பின் சாமியாரைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு டூலி. அவருக்குப் பின்னால் ரமிரெஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து, பக்தியோடு நடந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தெரிந்த சடங்கைச் செய்கிற மாதிரியே செய்கிறாரே! ஒருவேளை நான் எழுதியது நிஜந்தானோ? அப்படி எண்ணிக்கொண்டு இரண்டாவது சுற்றிலிருந்து நானும் கூப்பிய கையோடு பின்னால் போனேன். அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மூன்றாவது சுற்றில் புடவையின் ஒரு முனை அவிழ்ந்து ரோஜாச் செடியில் மாட்டியது. (அம்மா, அந்தக் கிழிசல் அலமாரி ஆணியில் பட்டதில்லை.)

பிறகு மோர். டூலி ஒரே மூச்சில் குடித்தார். கண்ணில் நீர் வந்தது. ஆனால் விருந்தாளிக்காக, "ஆஹா!" என்றார். ஒரு துரைசாணி பஜ்ஜியைக் கடித்துவிட்டு உள்ளே ஓடினாள். ரமிரெஸ் மட்டும் ஒன்று எடுத்தார், கண்ணை மூடி மென்றார், இன்னொன்று எடுத்தார், பிறகு தட்டையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

டூலி முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து நின்றார். "சென்யோர் ரமிரெஸ், சொல்லுங்கள். உங்கள் ஊரில் பாட்ரிக் தினம் கொண்டாடுவது போலவே செய்திருக்கிறோமா?"

ரமிரெஸ் மிளகாய்க் காம்பை வாயிலிருந்து எடுத்தார். "எங்கள் ஊரிலா?"

"ஆமாம். பட்டு, மூன்று சுற்று, மோர்..."

"மன்னிக்க வேண்டும்" என்றார் ரமிரெஸ், நிதானமான இங்கிலீஷில். "இப்படி ஒன்றை நான் என் ஜன்மத்தில் பார்த்ததில்லை. இது அயர்லாந்து வழக்கம் என்றல்லவா நினைத்தேன்? உங்கள் மனசு நோகக் கூடாதே என்றுதான் கூடவே சுற்றினேன்."

ஹாப்ஸ் சிரித்தார். அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. நாற்காலி கிறீச்சிட்டது.

"டூலி! உன் வீட்டையே நீ மூன்று தரம் சுற்றினாய்! புடவை கட்டின பொம்மையோடு!"

டூலி என்னைப் பார்த்தார். காது மடல் சிவந்து, கழுத்து சிவந்து, நான் அதுவரை பார்த்திராத இடமெல்லாம் சிவந்தது. "மிஸ் விசாலம்?"

எனக்கு முதல் முறையாக அந்த வார்த்தை வந்தது. "தெரியாது, சார்" என்றேன். காலம் கடந்து வந்து என்ன பிரயோஜனம்?

ராமசேஷய்யர் தன் செருப்பைப் பார்த்தார். அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. மணி மட்டும் ஒரு பஜ்ஜி எடுத்துக்கொண்டான்.

"மெக்ஸிகோக்காரனுக்கும் பாட்ரிக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அன்றைக்கே சொன்னேன்" என்றார் ஹாப்ஸ்.

அப்போது ரமிரெஸ் தட்டைக் கீழே வைத்தார்.

"அப்படி நான் சொல்லவில்லையே! ஊர்வலம் இல்லை என்றுதான் சொன்னேன். மார்ச்சில் எங்களுக்கு ஒன்றுமில்லை. செப்டம்பரில் உண்டு." கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். "நூறு வருஷத்துக்கு முன்னால் வடக்கேயிருந்து அமெரிக்கப் பட்டாளம் எங்கள் நாட்டுக்குள் புகுந்தது. அந்தப் பட்டாளத்தில் ஐரிஷ்காரர்கள் இருந்தார்கள். பஞ்சம் பிழைக்க வந்த ஏழைகள். எங்கள் ஊர்களில் தங்கள் ஊர் மாதிரியே மாதா கோயில் மணி அடிப்பதைக் கேட்டார்கள். யாரைச் சுடுகிறோம் என்று யோசித்தார்கள். இருநூறு பேருக்கு மேல் எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். பச்சைக் கொடி பிடித்துச் சண்டை போட்டார்கள். அந்தப் படைக்குப் பெயரே சான் பாட்ரிசியோ. உங்கள் பாட்ரிக்தான்."

டூலி மெதுவாக உட்கார்ந்தார். கையில் சிலை இருந்தது.

"தோற்றுப்போனோம். பிடிபட்டவர்களை அமெரிக்கர்கள் தூக்கில் போட்டார்கள். எங்கள் கோட்டையில் அவர்கள் கொடி ஏறும்வரை சிலரைக் கழுத்தில் கயிற்றோடு நிற்கவைத்து, அது ஏறியதும் தொங்கவிட்டார்கள். இன்னும் சிலரைத் தூக்கிலிட்டது நான் பிறந்த பேட்டையின் சதுக்கத்தில்தான். என் அம்மா ஒவ்வொரு செப்டம்பரிலும் அவர்களுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவாள். அந்தச் சதுக்கத்தைத் தாண்டும்போது என் அப்பா தொப்பியைக் கழற்றுவார். இதுதான் எங்கள் பாட்ரிக் தினம், ஐயா. கேக் கிடையாது."

ஹாப்ஸ் பைப்பைத் தட்டினார். "ஓடிப்போன சிப்பாய்கள். ஒரு பட்டாளத்தின் சம்பளத்தை வாங்கிக்கொண்டு எதிரியோடு சேர்ந்தவர்கள். எந்த நாடாக இருந்தாலும் தூக்குத்தான். போன மாதம் இங்கே கப்பலில் ஆட்டம் போட்டார்களே, அவர்களுக்கும் அதுதான் சரி."

"சார், ஒரு சின்ன சந்தேகம்."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா! துரைகள் முன்னால் வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்ன அப்பா. கையில் மோர் டம்ளரோடு எழுந்து நின்றிருந்தார்.

"அந்த வீடு யாருடையது, சார்?"

"எந்த வீடு?" என்றார் ஹாப்ஸ்.

"அந்தப் பட்டாளம் புகுந்ததே, அந்த வீடு. அந்த நாடு."

ஹாப்ஸ் பைப்பைப் பற்றவைத்தார். அப்பா விடவில்லை. "பரேலில் நான் பார்த்தேன், சார். தெருவில் செருப்பு செருப்பாகக் கிடந்தது. ஒற்றைச் செருப்புகள். அதில் ஒன்று என் பெண் போட்டுக்கொள்கிற அளவு. அவற்றைப் போட்டிருந்தவர்கள் எந்தப் பட்டாளத்தின் சம்பளமும் வாங்கவில்லை. தங்கள் வீட்டுத் தெருவில் நின்றிருந்தார்கள். அவ்வளவுதான்."

அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மோர் வேட்டியில் கொட்டியிருந்தது. ஹாப்ஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போனார். டூலி எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரமிரெஸும் குலுக்கினார். பிறகு மூவரும் சேர்ந்து உட்கார்ந்து மீதி பஜ்ஜியைச் சாப்பிட்டார்கள். டூலி அழுதது கதையாலா மிளகாயாலா என்று தெரியவில்லை.

என்னை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை.

ரயிலில் திரும்பும்போது அப்பா திட்டுவார் என்று காத்திருந்தேன். பைகுல்லா போயிற்று, பரேல் போயிற்று. தாதர் தாண்டியதும்தான் வாயைத் திறந்தார்.

"அவ்வளவும் புளுகா?"

"ஆமாம்ப்பா."

"கோயில்ல பார்த்ததை அப்படியே எழுதிட்டியாக்கும்?"

"ஆமாம்."

"போறது போ. நீ புளுகலேன்னா அந்த மனுஷா கதை நமக்கு எப்படித் தெரியறது?" என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பரேலைப் பற்றிச் சொன்னார். ஒரு மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

அதோடு முடிந்ததென்றால் நான் ஏன் இதை எழுதப் போகிறேன்?

திங்கட்கிழமை காலை டூலி கூப்பிட்டார். "ஒரு கடிதம் எடுத்துக்கொள்" என்றார். எடுத்துக்கொண்டேன். "'அன்புள்ள மிஸ் விசாலம்...'"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"வேறு ஸ்டெனோ இல்லை" என்றார் வருத்தத்தோடு. "'ஆதாரமில்லாத தகவலை ஆதாரமுள்ளதாக எழுதிக் கொடுத்த காரணத்தால்...'"

"சார், அது ஆதாரமில்லாததில்லை! என் முதல் வாக்கியத்தைப் பாருங்கள். மெக்ஸிகோ மக்கள் புனித பாட்ரிக்கைப் போற்றுகிறார்கள். நேற்று ரமிரெஸ் என்ன சொன்னார்? அதைத்தானே சொன்னார்?"

"அது நிஜமென்று எழுதும்போது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனால் நிஜமாக இருந்ததே!"

"இது கப்பல் ஆபீஸ், பெண்ணே. இன்றைக்கு ஊர்வலத்தை எழுதினாய். நாளைக்கு வராத கப்பலை வந்துவிட்டது என்று எழுதுவாய். எனக்கு உன்மேல் கோபமில்லை. பயமாக இருக்கிறது." அடுத்த வரியைச் சொன்னார்.

என்னை வேலையை விட்டு நீக்கும் கடிதத்தை நானே சுருக்கெழுத்தில் எடுத்து, நானே டைப் அடித்து, இரண்டு கார்பன் காப்பி வைத்து, அவர் சொன்னதில் இருந்த ஒரு இலக்கணப் பிழையையும் திருத்திக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினேன். உலகத்தில் வேறு எந்த ஸ்டெனோவுக்காவது இப்படி நேர்ந்திருக்குமா?

என் பொய்யால் யார் யாருக்கு என்னென்ன கிடைத்தது பாருங்கள். டூலிக்குப் பந்தயத்தில் ஜெயம். ஹாப்ஸ் ஒரு வாரம் பச்சை டை கட்டிக்கொண்டு வந்தாராம். (அந்தக் காட்சியைப் பார்க்கக்கூட நான் அங்கே இல்லை.) ஆபீஸுக்குக் கற்றாழை நார். ராமசேஷய்யருக்குக் கட்டடம் முழுக்கச் சொல்லித் திரிய ஒரு கதை. அந்தச் செப்டம்பரில் மெக்ஸிகோவிலிருந்து ஒரு படக் கார்டு வந்தது. அப்பா பெயருக்கு. அந்தச் சதுக்கத்தின் படம், அம்மாவின் பஜ்ஜிக்கு நன்றி, அப்பாவுக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியதாகச் செய்தி. என்னைப் பற்றி ஒரு வார்த்தை? கிடையாது.

எனக்குக் கிடைத்தது டூலியின் சர்டிபிகேட். 'சுருக்கெழுத்து மிக நன்று. கற்பனை தேவைக்கு மேல்.' அதை வைத்துக்கொண்டு வேலை தேடிய அவமானத்தைத் தனியாக எழுத வேண்டும். கடைசியில் விளம்பரங்கள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் அந்த இரண்டாவது வரியைப் படித்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டார்கள். முப்பது வருஷம் சோப்புக்கும் தலைவலி மருந்துக்கும் எழுதினேன். அங்கே யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

ஆனால் வீடு விடவில்லை. அடுத்த மார்ச் பதினேழாம் தேதி அம்மா தானாகவே மோரைக் கரைத்தாள். "அந்தப் பட்டர் சாமியாருக்கு ஒரு வருஷம் பண்ணிட்டு நிறுத்தப்படாது" என்றாள். மணி மரக்குதிரை பொம்மைக்குப் பச்சைத் துண்டு சுற்றி, சாப்பாட்டு மேஜையை மூன்று தரம் வலம் வந்தான். அதற்கடுத்த வருஷமும் செய்தார்கள். எனக்குக் கல்யாணமாகிச் செம்பூருக்கு வந்தால் பண்டிகையும் கூடவே வந்துவிட்டது. இன்றைக்கு மெக்ஸிகோ முறைப்படி ஐரிஷ் பண்டிகை கொண்டாடுகிறவர்கள் உலகத்திலேயே எங்கள் குடும்பம் ஒன்றுதான். மெக்ஸிகோவிலும் கிடையாது, அயர்லாந்திலும் கிடையாது. பஜ்ஜி பொரிப்பது மட்டும் ஒவ்வொரு வருஷமும் நான்.

இந்த வருஷம் என் பேரனின் புது மனைவி வந்திருந்தாள். பஞ்சாபிப் பெண். வட்டமாகச் சுற்றுகிறவர்களைப் பார்த்துவிட்டு, "இது எல்லாத் தமிழ் வீட்டிலும் உண்டா?" என்று கேட்டாள்.

நான் நிஜத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மணி, எழுபது வயது தாண்டிய மனுஷன், முகத்தில் ஒரு சுருக்கம் அசையாமல், "எல்லா வீட்டிலயும் உண்டும்மா. மாதுங்காவுல போய்ப் பாரு, யானையெல்லாம் வரும்" என்றான்.

அந்தப் பெண் வியந்துபோய் அவன் தட்டில் இன்னும் இரண்டு பஜ்ஜி வைத்தாள்.